தொடர்பு எல்லைக்கு வெளியே

உல்லாசக் கப்பலுக்குச் சீட்டு எடுக்கும்போது கேட்கப்படும் கேள்விகள் பல. சைவமா அசைவமா, கடல் தெரியும் அறையா தெரியாத அறையா, இரவு உணவுக்கு முதல் பந்தியா இரண்டாம் பந்தியா. இவற்றுக்கெல்லாம் ஒரு நிமிடத்தில் விடை சொல்லிவிடலாம். யோசிக்க வைப்பது இணையம் வேண்டுமா என்ற கேள்விதான். வேண்டுமென்றால் ஒரு கருவிக்கு, ஒரு நாளைக்கு இவ்வளவு என்று தனிக்கட்டணம். வேண்டாமென்றால், கரை மறைந்தபின் நம்மை அழைப்பவர்களுக்கு நாம் தொடர்பு எல்லைக்கு வெளியே இருப்போம். தமிழ்நாட்டில் செல்பேசி வைத்திருப்பவர் எவருக்கும் அந்தப் பதிவு செய்யப்பட்ட பெண்குரல் மனப்பாடம். அது நம்மைப் பற்றிப் பிறருக்குச் சொல்லப்படும் என்று எண்ணும்போதுதான் சற்றே கூச்சம் உண்டாகிறது.

2025 மார்ச்சில் நாங்கள் இருவரும் சிங்கப்பூரிலிருந்து பினாங்கு, புக்கெட் சென்று திரும்பும் ஐந்து இரவுப் பயணத்துக்குப் பதிவு செய்திருந்தோம். எங்களில் ஒருவர், இணையம் கூடாது என்ற கட்சி. கடலுக்குப் போவதே அதற்காகத்தான் என்பது அவர் வாதம். மற்றவர், இருந்தே தீர வேண்டும் என்ற கட்சி. கும்பகோணத்தில் எண்பத்து நான்கு வயதில் அம்மா தனியாக இருக்கிறார். எங்களில் ஒருவருக்குத் தாய், மற்றவருக்கு மாமியார். ஒவ்வொரு நாளும் மாலை ஏழு மணிக்கு அவருடன் பேசுவது பல வருட வழக்கம். யார் எந்தக் கட்சி என்பதை இங்கே சொல்லப் போவதில்லை. வாசகர்கள் எதிர்பார்க்கும் வரிசையில் அது இல்லை என்று மட்டும் சொல்லிவைக்கிறோம்.

துண்டித்துக்கொள்ள வேண்டும் என்ற கட்சிக்குக் கடல் வரலாற்றில் வலுவான சாட்சிகள் உண்டு. 1909 நவம்பரில் காந்தி லண்டனிலிருந்து தென்னாப்பிரிக்காவுக்கு 'கில்டோனன் காசில்' என்ற கப்பலில் திரும்பினார். அந்தப் பயணத்தின் பத்து நாட்களில், கப்பலில் கிடைத்த தாள்களிலேயே குஜராத்தியில் 'ஹிந்த் சுவராஜ்' முழுவதையும் எழுதி முடித்தார். வலக்கை சோர்ந்தபோது இடக்கையால் எழுதினார். லண்டனில் நாள் முழுவதும் மனுக்களும் சந்திப்புகளுமாக அலைந்தவருக்கு, எவரும் கதவைத் தட்ட முடியாத பத்து நாட்கள் கிடைத்தன. அவ்வளவுதான் நடந்தது, ஆனால் அது போதுமானதாக இருந்தது.

தமிழில் இன்னொரு சாட்சி ஏ.கே.செட்டியார். 1937-இல் நியூயார்க்கிலிருந்து டப்ளினுக்குக் கப்பலில் போய்க்கொண்டிருந்தபோதுதான், காந்தியைப் பற்றி ஓர் ஆவணப்படம் எடுக்க வேண்டும் என்ற எண்ணம் அவருக்குத் தோன்றியது. அதன்பின் உலகம் முழுக்கச் சுற்றிப் படச்சுருள்களைத் தேடிச் சேர்த்து, 1940-இல் படத்தை வெளியிட்டார். அட்லாண்டிக்கின் நடுவே அவர் கையில் ஒரு செல்பேசி இருந்திருந்தால் அந்த எண்ணம் வந்திருக்காது என்று சத்தியம் செய்ய எவராலும் முடியாது. ஆனால் வந்த எண்ணம் தங்குவதற்கு மனத்தில் காலியிடம் வேண்டும். அந்த இடத்தைக் கடல் கொடுத்தது.

எதிர்க்கட்சிக்கும் சாட்சிகள் குறைவில்லை. கடலில் இருப்பவன் கரையின் செய்தியை அறிய விரும்புவது இன்று தோன்றிய நோய் அன்று. 1899 நவம்பரில் மார்க்கோனி அமெரிக்காவிலிருந்து 'செயின்ட் பால்' கப்பலில் இங்கிலாந்து திரும்பினார். வைட் தீவை நெருங்கும்போது கம்பியில்லாத் தந்தி வழியே போயர் போர்ச் செய்திகள் வந்து சேர, அவற்றைக் கப்பலிலேயே அச்சிட்டு 'டிரான்ஸ் அட்லாண்டிக் டைம்ஸ்' என்ற சிறு பத்திரிகையாக்கினார்கள். பிரதி ஒரு டாலர். கடலில் தொடர்பு என்பது பிறந்த நாளிலேயே கட்டணத்தோடுதான் பிறந்திருக்கிறது.

பதின்மூன்று ஆண்டுகள் கழித்து நடந்தது டைட்டானிக். அந்தக் கதையில் இணையக் கட்சிக்கும் துண்டிப்புக் கட்சிக்கும் சம அளவில் பாடம் இருக்கிறது. 1912 ஏப்ரல் 14 இரவு, தந்தி இயக்குநர் ஜாக் பிலிப்ஸ் பயணிகளின் சொந்தச் செய்திகளைக் கரைக்கு அனுப்புவதில் மும்முரமாக இருந்தார். முந்தைய நாள் கருவி பழுதாகிக் கிடந்ததால் செய்திகள் குவிந்திருந்தன. அருகிலிருந்த 'கலிபோர்னியன்' கப்பல், பனிப்பாறைகளால் தான் நின்றுவிட்டதாகச் சொல்ல முயன்றபோது, குறுக்கிடாதே என்று அவர் அடக்கிவிட்டார். அந்தக் கப்பலின் ஒரே தந்தி இயக்குநர் பதினொன்றரை மணியளவில் கருவியை நிறுத்திவிட்டு உறங்கப் போனார். பதினொன்று நாற்பதுக்கு டைட்டானிக் மோதியது. ஒரு கப்பலில் தொடர்பு அளவுக்கு மிஞ்சி இருந்தது. மற்றதில் வேண்டிய நேரத்தில் இல்லை. 1914-இல் லண்டனில் கூடிய நாடுகள் கடற்பாதுகாப்புக்கான முதல் உடன்படிக்கையை உருவாக்கின; கப்பல்களில் இடைவிடாத தந்திக் காவலும் அதன் விதிகளுள் ஒன்று.

இன்றைய நிலை வேறு. நெடுங்காலம் கப்பல்களின் இணையம் பூமத்திய ரேகைக்கு மேலே ஏறத்தாழ 35,786 கிலோமீட்டர் உயரத்தில் நிற்கும் செயற்கைக்கோள்களை நம்பியிருந்தது. அவ்வளவு உயரம் ஏறி இறங்கவே ஒளிவேகத்தில் செல்லும் சமிக்ஞைக்கும் நேரம் பிடிக்கும். கேள்விக்கும் பதிலுக்கும் நடுவே அரை விநாடி நின்றுபோகும். பேசுகிறவர்கள் ஒருவர் பேச்சில் ஒருவர் தடுக்கி விழுவார்கள். 2022 முதல் உல்லாசக் கப்பல்கள் ஸ்டார்லிங்க் போன்ற தாழ்ந்த சுற்றுப்பாதைச் செயற்கைக்கோள்களுக்கு மாறத் தொடங்கின. அவற்றின் உயரம் சுமார் 550 கிலோமீட்டர்தான். நடுக்கடலில் முகம் பார்த்துப் பேசலாம், படம் பார்க்கலாம், அலுவலகக் கூட்டத்திலும் அமரலாம். கடலில் தொடர்பு கிடைக்காது என்ற பழைய சாக்கு போயிற்று. முன்பு கடல் நமக்காகச் செய்து கொடுத்ததை இனி நாமே முடிவு செய்ய வேண்டியிருக்கிறது.

எங்கள் வழக்கை அம்மாவிடமே கொண்டு போனோம். அவர் சிரிக்கவில்லை, கோபிக்கவும் இல்லை. தன் அப்பாவைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தார். தாத்தா பினாங்கில் ஒரு கடையில் கணக்கு எழுதியவர். நாகப்பட்டினத்தில் ரஜுலா ஏறிப் போவார். 1926-இல் கட்டப்பட்ட அந்தக் கப்பல் 1973 வரை ஓடியது. சோழநாட்டில் பல குடும்பங்களுக்கு அந்தப் பெயர் இன்னும் ஒரு உறவினரின் பெயர் போலத்தான். ஒருமுறை அவர் கப்பல் ஏறிய மூன்றாம் நாள் அவருடைய தாயார் இறந்துவிட்டார். பினாங்கில் இறங்கிக் கடைக்குப் போனபோது தந்தி அவருக்காக மேசைமேல் காத்திருந்தது. கொள்ளி வைத்தது தம்பி. அடுத்த கப்பலைப் பிடித்தாலும் பதினாறாம் நாள் காரியத்துக்கு வந்துசேர முடியாது.

"நான் கப்பல்ல சீட்டாடிக்கிட்டிருந்தப்ப எங்கம்மாவை எடுத்துட்டாங்கன்னு சாகற வரைக்கும் சொல்லுவாரு" என்றார் அம்மா. பிறகு சற்று நேரம் கழித்து, "எனக்கு ஒண்ணுன்னா கப்பலுக்குச் சேதி சொல்ல வழி இருக்கான்னு மட்டும் விசாரிச்சு வெச்சுக்குங்க. மத்தபடி தினம் கூப்பிட வேணாம். சாப்பிட்டியா, மாத்திரை போட்டியா, இதுதானே கேக்கப் போறீங்க? அதை நான் கேக்காமயே போட்டுக்குவேன்."

நாங்கள் இருவரும் ஒரு வாரமாகச் சண்டையிட்டுப் பிரிக்கத் தெரியாத இரண்டு பொருள்களை அவர் இரண்டு வாக்கியங்களில் பிரித்து வைத்துவிட்டார். ஆபத்தில் எட்டும் வழி ஒன்று. ஓயாமல் சொட்டும் பேச்சு வேறொன்று. முன்னது இல்லாதிருந்ததுதான் தாத்தாவின் துயரம். பின்னதைத்தான் நாம் நாள் முழுதும் காசு கொடுத்து வாங்கிக்கொண்டிருக்கிறோம். செல்பேசி இரண்டையும் ஒரே பொட்டலமாகக் கட்டிக் கொடுப்பதால், ஒன்றை விட்டால் மற்றதும் போய்விடும் என்று பயப்படுகிறோம்.

விசாரித்ததில் வழி எளிதாகவே இருந்தது. கப்பல் நிறுவனங்கள் அவசரத்துக்கென்று கரையில் தொலைபேசி எண் வைத்திருக்கின்றன. கப்பலின் பெயர், பயணியின் பெயர், அறை எண் மூன்றையும் சொன்னால் செய்தி அறைக்கு வந்துசேரும். இவற்றைப் பெரிய எழுத்தில் எழுதி, அம்மாவின் பக்கத்து வீட்டாருக்கும், சென்னையில் இருக்கும் தம்பிக்கும் கொடுத்தோம். இணையம் வாங்கவில்லை. கப்பல் தன் சொந்தச் செல்பேசி வலையில் நம் கருவியைத் தானாகச் சேர்த்துக்கொண்டு பெருந்தொகை விதிக்கக் கூடும் என்பதால், இருவர் செல்பேசிகளையும் விமானப் பயன்முறையில் போட்டுப் பெட்டிக்குள் வைத்தோம்.

முதல் நாள் கை பாட்டுக்குச் சட்டைப்பைக்குப் போய்ப் போய் வந்தது. புகைப்பதை விட்டவர்கள் இப்படித்தான் சொல்வார்கள். மேல்தளத்தில் நின்று மலாக்கா நீரிணையைப் பார்த்தோம். உலகின் மிக நெரிசலான கடல்வழிகளுள் அது ஒன்று. எண்ணெய்க் கப்பல்களும் கொள்கலன் கப்பல்களும் நெடுஞ்சாலையில் லாரிகள் போல வரிசையாகப் போயின. இரண்டாம் நாள் கை அடங்கிவிட்டது. ஒருவர் படித்துக்கொண்டிருந்த புத்தகத்தில் வந்த சொல்லின் பொருளைப் பற்றி அரைமணி நேரம் விவாதித்தோம். தேடிப் பார்க்க வழியில்லாததால் பேச்சு வளர்ந்தது, முடிவு எட்டவில்லை, அதனால் குறை ஒன்றும் தோன்றவில்லை. இருபத்தெட்டு வருடத் திருமணத்தில் அவ்வளவு நேரம் ஒரே சொல்லைப் பற்றி நாங்கள் பேசியதில்லை.

இதோடு நிறுத்தியிருந்தால் இது துண்டிப்பின் புகழ்பாடும் கட்டுரையாக முடிந்திருக்கும். பினாங்கு அதற்கு இடம் தரவில்லை.

ஜார்ஜ் டவுனின் சுவெட்டன்ஹாம் துறையில் இறங்கி நடந்தபோது, முனையத்தின் ஓரமாகத் தரையிலும் படிகளிலும் வரிசையாக மனிதர்கள் அமர்ந்திருந்தார்கள். எல்லோர் கையிலும் செல்பேசி. எல்லாத் திரையிலும் ஒரு முகம். எங்கள் கப்பலின் ஊழியர்கள். சிலருக்குக் கிடைத்த ஓய்வு இரண்டு மணி நேரம். ஊர் பார்க்காமல், இலவச இணைப்பு கிடைத்த அந்த இடத்திலேயே அதைச் செலவிட்டார்கள். எங்கள் அறையைப் பராமரித்த ஜாவாக்காரரும் அங்கே இருந்தார். எங்களைக் கண்டதும் திரையைத் திருப்பிக் காட்டினார். பல் விழுந்த ஒரு சிறுமி வாயைத் திறந்து அந்த இடைவெளியைக் காட்டிக்கொண்டிருந்தாள். பல் விழுந்தது முந்தைய நாள். ஒப்பந்தம் முடிய அவருக்கு இன்னும் ஐந்து மாதம் இருந்தது.

இணைப்பிலிருந்து விடுதலை என்பது, எந்நேரமும் இணைப்பு இருப்பவர்களுக்குத்தான் இன்பம். ஒரு வேளை உபவாசம் இருப்பவனும் ஒரு வேளை சோறில்லாதவனும் ஒன்றாகிவிட மாட்டார்கள். கடல்சார் தொழிலாளர் உடன்படிக்கையில் 2022-இல் ஒரு திருத்தம் கொண்டுவந்தார்கள். கூடுமானவரை கப்பல் ஊழியர்களுக்கு இணைய வசதி தரப்பட வேண்டும், கட்டணம் வாங்கினால் அது நியாயமானதாக இருக்க வேண்டும் என்கிறது அது. 2024 டிசம்பர் 23 முதல் அது நடைமுறையில் இருக்கிறது. உணவு, உறைவிடம் போன்றவற்றின் வரிசையில் வீட்டாரோடு பேசுவதும் சேர்ந்திருக்கிறது. அது சரியான இடம். மேல்தளத்தில் நாங்கள் அனுபவித்த அமைதியை, கீழ்த்தளத்தில் இருப்பவருக்கு எவரும் அறிவுரையாகச் சொல்லிவிட முடியாது.

ஆக, எங்கள் இரண்டு கட்சிகளும் தோற்றன என்றே சொல்ல வேண்டும். துண்டித்துக்கொள்வது உயர்ந்தது என்பதும் பொய், இணைந்தே இருப்பதுதான் அன்பு என்பதும் பொய். யாருக்கு எது குறைவாக இருக்கிறதோ அதுதான் அவருக்கு விடுமுறை. அந்த ஜாவாக்காரருக்கு அது மகளின் முகம். எங்களுக்கு அது ஒரு சொல்லைப் பற்றிய அரைமணி நேரம்.

சிங்கப்பூர் வந்திறங்கிய அன்று மாலை ஏழு மணிக்கு அம்மாவை அழைத்தோம். வழக்கமாக நான்கு நிமிடம் நீளும் பேச்சு அது. அன்று ஒரு மணி நேரத்தைத் தாண்டியது. எதிர் வீட்டில் பெண் பார்க்க வந்தது, முருங்கை மரத்தை வெட்டச் சொல்லிப் பக்கத்து வீட்டார் கேட்டது, மின்சாரம் போன இரவில் திண்ணையில் உட்கார்ந்திருந்தபோது தாத்தா சொன்ன பினாங்குக் கதை ஒன்று நினைவுக்கு வந்தது என்று ஐந்து நாள் சேதிகளைச் சேர்த்து வைத்திருந்தார். கதையை முழுக்கச் சொன்னார். நாங்கள் இதுவரை கேட்டிராத கதை. முடித்துவிட்டுக் கேட்டார்: "நாளைக்குக் கூப்பிடுவீங்களா, இல்ல ரெண்டு நாள் விட்டா?"

இப்போது ஒரு நாள் விட்டு ஒரு நாள் பேசுகிறோம்.