கீரிமலைத் தீர்த்தக்கரையிலே

யாழ்ப்பாணத்தின் வடகரையிலே, உப்புக்கடலை ஒட்டி நன்னீர் சுரக்கும் தலம் கீரிமலை. தாயை இழந்தோர்க்குச் சித்திரைப் பௌர்ணமி போல, தந்தையை இழந்தோர்க்கு உரியது ஆடி அமாவாசை. அந்நாளில் நாம் அங்கு சென்றிருந்தோம்.

எள்ளும் நீரும் இறைக்க வந்தோரிடம் குருக்கள் தந்தை, பாட்டன், பூட்டன் ஆகிய மூவர் பெயரையும் கேட்டார். பூட்டன் பெயரில் இளைஞர் ஒருவர் தயங்கினார். அருகே நின்ற பெரியம்மா எடுத்துக்கொடுத்தார்.

1990ஆம் ஆண்டில் போரினால் இவ்வூரார் இடம்பெயர்ந்தபோது பலருடைய வீடும் உறுதிகளும் அழிந்தன. பெயர்கள் முதியோர் நாவிலேயே தங்கின.

கடலில் மூழ்கி, கேணியில் நீராடி வீடு மீளும் இளையோர், காத்தோட்டிக்காய்க் கறியோடு விரதச் சோறு உண்ணுமுன் அப்பெயர்களைக் கேட்டு எழுதிவைப்பார்களாயின், அடுத்த தலைமுறை தயங்க நேராது.