பெண்டு எடுக்க ஒரு சாவி

தெருவுக்குத் தெரு சைக்கிள் கடை இருந்த காலம் மலையேறிவிட்டது. செய்யாறு பக்கத்துக் கிராமம் ஒன்றில் தையல் தைத்துப் பிழைக்கும் அந்த அம்மாவின் தெருமுனைக் கடையும் இப்போது பைக் மெக்கானிக் கடை. 'சக்கரம் கோணிடுச்சு, பெண்டு எடுக்கணும்' என்று போனால், 'விட்டுட்டுப் போங்க, பார்க்கலாம்' என்பார்கள். அந்தப் 'பார்க்கலாம்' ஒரு வாரம் இழுக்கும்.

மகள் ப்ளஸ் ஒன். பள்ளிக்கூடம் 5 கிலோமீட்டர். காலை சிறப்பு வகுப்பு நேரத்துக்கு பஸ் கிடையாது. முன் சக்கரம் ஃபோர்க்கில் உரச உரச, பாதி தூரம் தள்ளிக்கொண்டே போனாள்.

"புது வீலே போட்டுடலாம், உனக்கெதுக்கு இந்த வேலை?" என்றார் கணவர்.

"புது வீலும் ஒருநாள் கோணத்தானே போகுது? இருங்க, பார்க்கிறேன்."

யூடியூப்பைத் திறந்தால் தலை சுற்றியது. சக்கரம் மாட்டும் ஸ்டாண்டு, கோணலை முள்ளால் காட்டும் டயல் கேஜ், கம்பியின் இறுக்கம் அளக்கும் மீட்டர்... எல்லாம் வாங்கினால் சைக்கிள் விலையைத் தொட்டுவிடும். வீட்டு வேலைக்கு அதில் ஒன்றுகூட அவசியமில்லை. சாவி மட்டும் வேண்டும்.

அந்தச் சாவியில்தான் சூட்சுமம். சுற்றிலும் பல வெட்டுகள் கொண்ட வட்டச் சாவி மலிவு. எல்லா நிப்பிளுக்கும் ஆகும் என்பார்கள். கொஞ்சம் தொளதொளவென்று இருந்தாலும் பித்தளை நிப்பிளின் முனை மழுங்கிவிடும். பிறகு கட்டிங் பிளேயர்தான் கதி. நிப்பிளில் 3.23 மில்லிமீட்டரும் உண்டு, 3.45-ம் உண்டு. வித்தியாசம் கால் மில்லிமீட்டர்கூட இல்லை. கண்ணால் பார்த்து வாங்க முடியாது. அந்த அம்மா சக்கரத்தையே கழற்றி டவுன் கடைக்குத் தூக்கிப்போய், ஒவ்வொரு சாவியாகப் போட்டுப் பார்த்து, ஆடாமல் பிடித்ததை வாங்கிவந்தார்.

ஸ்டாண்டுக்குப் பதில் சைக்கிளையே தலைகீழாகக் கவிழ்த்தாயிற்று. ஃபோர்க்கின் இரு பக்கமும் ஆளுக்கொரு கேபிள் டை. அதன் வாலை ரிம்மைத் தொட்டும் தொடாமலும் நறுக்கினால் அதுதான் கேஜ். சக்கரத்தைத் திருப்பி மாட்டியும் இடைவெளி மாறவில்லையென்றால் ரிம் நடுவில் இருக்கிறது.

துரு பிடித்த நிப்பிளுக்கு முதல் நாள் இரவே ஒரு சொட்டு எண்ணெய். ரிம் இடப்பக்கம் சாய்ந்த இடத்தில், ஹப்பின் இடப்பக்கக் கம்பியைத் தளர்த்தி, வலப்பக்கக் கம்பியை இறுக்க வேண்டும். ஒரு தடவைக்குக் கால் சுற்றுதான். டயர் பக்கமிருந்து பார்த்தால் கடிகாரம் ஓடும் திசை இறுக்கம். ஹப் பக்கமிருந்து பார்த்தால் நேர் எதிர். இங்கேதான் முக்கால்வாசிப் பேர் குழம்பி, கோணலை இரண்டு மடங்காக்குவார்கள்.

இறுக்கம் அளக்க அவருக்கு விரலே போதும். பாபின் நூலின் விறைப்பைச் சுண்டிப் பார்த்தே சொல்லும் கை அது. கம்பிகளைத் தட்டினால் எல்லாம் கிட்டத்தட்ட ஒரே சத்தம் தர வேண்டும். மந்தமாக ஒலிப்பது தளர்ந்த கம்பி. பள்ளத்தில் விழுந்து ரிம்மே நெளிந்திருந்தால் மட்டும் எந்தச் சாவியும் உதவாது, ரிம்மை மாற்றியாக வேண்டும்.

இரண்டு சாயங்காலம் பிடித்தது. ஒரு மில்லிமீட்டர் ஆட்டம் மிச்சம். அதை அவர் அப்படியே விட்டுவிட்டார்; உரசல் நின்றதே பெரிது.

இப்போது வரிசையில் நிற்பது கணவரின் பழைய சைக்கிள். பின் சக்கரத்தில் 40 கம்பி. வாங்கிய சாவி அதற்குப் பொருந்தவில்லை.