மாமாவின் லைட்டர்

மாமா மறைந்து நான்கு ஆண்டுகளுக்குப் பிறகு, அவருடைய ஜிப்போ லைட்டரை மாமி என்னிடம் தந்தார். “கெமிஸ்ட்ரிதானே படிக்கே, இத எரிய வச்சுத் தா மக்ளே” என்றார். முனைவர் பட்ட ஆய்வுக்கும் லைட்டர் பழுதுபார்ப்பதற்கும் இடையிலுள்ள தொலைவை அவரிடம் விளக்க முற்படவில்லை. அம்மாவுக்கு இதில் உடன்பாடில்லை. தன் அண்ணனின் நுரையீரலைத் தின்ற பழக்கத்தின் கருவிக்கு எதற்கு மறுவாழ்வு என்று கேட்டார். அதற்கு இன்றுவரை என்னிடம் விடையில்லை. ஆயினும் நாகர்கோவிலிலிருந்து டெல்லி விடுதிவரை அதைச் சட்டைப்பையிலேயே கொண்டுவந்தேன்.

அடிப்புறத்தில் பெயரின் இருபக்கமும் மும்மூன்று செங்குத்துக் கோடுகள் உள்ளன. அமெரிக்காவின் பிராட்ஃபோர்டில் 1968இல் செய்யப்பட்டது என்பதற்கான குறி அது. சரக்குக் கப்பலில் பணியாற்றிய நாள்களில் மாமா ஏதோவொரு துறைமுகத்தில் பழைய பொருளாக வாங்கியிருக்கிறார்.

உள்கூட்டை உருவினேன். சக்கரம் அசையவில்லை. அடியிலிருந்த ஃபெல்ட் திண்டைத் தூக்கியபோது, உபரியாக ஒரு கல்லை அங்கே அவர் ஒளித்துவைத்திருந்தது தெரிந்தது. அவசரத்துக்கு உதவுமென்று பலரும் செய்வதுதான். ஆனால் அதுவும் உப்பிச் சாம்பல்நிறத் தூளாகிக்கொண்டிருந்தது. குழாய்க்குள் இறுகியிருந்த கல்லுக்கும் இதே கதி நேர்ந்திருக்க வேண்டும்.

கல் என்கிறோமே தவிர, அது கல்லன்று. சீரியம், லாந்தனம் போன்ற அருமண் உலோகங்களோடு இரும்பைச் சேர்த்த கலவை. வாயுவிளக்கு வலைகளுக்காக மோனசைட்டிலிருந்து தோரியம் எடுத்தபின் மிஞ்சிய கழிவுக்கு ஒரு பயன் தேடிய ஆஸ்திரிய வேதியியலர் அவுவர் ஃபான் வெல்ஸ்பாக், 1903இல் இதற்குக் காப்புரிமை பெற்றார். சுரண்டினால் தெறிக்கும் துகள் காற்றிலேயே பற்றிக்கொள்ளும். ஈரம் பட்டுக்கொண்டே கிடந்தாலோ ஆக்சைடாகிப் பருத்து, குழாயை அடைத்துவிடும். 1909இல் ஷாம்பர்க் என்ற ஜெர்மானியர் திருவிதாங்கூர்க் கயிற்றில் ஒட்டியிருந்த மணலில் மோனசைட்டைக் கண்டறிந்து, எங்கள் மணவாளக்குறிச்சியில் ஆலை அமைத்தார். அந்தக் கரையில் கால் புதைய நடந்து வளர்ந்தவன் நான். இந்தத் தொடர்பை ஆய்வகத்தில் தற்செயலாகப் படித்த நாளில் எனக்குச் சிறு கர்வம்கூட ஏற்பட்டது.

கர்வம் குழாயைத் திறக்கவில்லை. எரிபொருள் வாடை மிச்சமிருந்த பஞ்சையெல்லாம் முதலில் அகற்றினேன். திருகாணியையும் துருவேறிய சுருள்வில்லையும் கழற்றி, இரண்டு நாள் எண்ணெய் விட்டு ஊறவைத்தேன். பிறகு மெல்லிய துளையூசியை விரல்களாலேயே திருகித் திருகித் தூளை வெளியேற்றினேன். மின்துளைக்கருவி வைத்திருந்தால் பத்து நிமிட வேலை. குழாயும் சக்கரத்தின் பற்களும் போயிருக்கும். புதிய திரி, புதிய பஞ்சு, புதிய கல், புதிய வில். ஐந்தாம் நாள் இரவு சுடர் எழுந்தது.

சிக்கல் அதன்பிறகே தொடங்கியது. மூடியின் கீல் தேய்ந்து ஆடுகிறது. அந்நிறுவனத்துக்கு அனுப்பினால் எத்தனை ஆண்டு பழையதாயினும் இலவசமாகச் சரிசெய்து தருவார்கள். மாமியிடம் தொலைபேசியில் சொன்னேன். “மாத்துனா அந்தச் சத்தம் மாறிராதா?” என்றார். இரவில் வாசலில் அந்த ‘டிக்’ ஒலியைக் கேட்டபின்தான் எழுந்து கதவைத் திறப்பாராம். மாமா கதவைத் தட்டியதே இல்லையாம். எரிய வை என்று அவர் கேட்டதன் பொருள் எனக்கு அப்போதுதான் விளங்கியது.

கீலைத் தொடவில்லை. பித்தளையின் கறுப்பையும் துலக்கவில்லை. மாமா ஒளித்துவைத்த கல்லை மட்டும் ஒரு சிறு கண்ணாடிக்குப்பியில் போட்டுவைத்திருக்கிறேன்.

நேற்றிரவு தொலைபேசியருகே மூடியைத் திறந்து மூடிக் காட்டினேன். சிறிதுநேரம் மறுமுனையில் பேச்சில்லை. “இப்பிடி வெடுக்குன்னு இல்ல மக்ளே, மெதுவாத் தெறப்பாரு” என்றார். கட்டைவிரலை மாற்றி வைத்து மீண்டும் திறந்தேன்.