எண்ணித் தைத்த போர்வை

மெக்சிகோப் பெண்ணுக்கு ரெபோசோ என்ற நீளச் சால்வை ஒன்று போதும். குளிருக்குப் போர்வை, மாதா கோயிலில் முக்காடு, பிள்ளைக்குத் தூளி, கடைசியில் சில ஊர்களில் அவளுக்கே கோடித்துணி. இதைப் படித்ததும் என் மனம் ஊட்டிக்குத் தாவிவிட்டது. அங்குள்ள தோடர் பழங்குடியினரின் பூத்துக்குளி என்ற போர்வையும் அந்த ஜாதிதான். ஆணும் பெண்ணும் போர்த்துவார்கள். இறந்தவரையும் அதில்தான் சுற்றுவார்கள்.

ரொம்ப காலத்துக்கு முன்பு, ஊட்டித் தாவரவியல் பூங்காவுக்கு மேலே இருக்கிற தோடர் குடியிருப்பான மந்தில் ஒரு பாட்டி வெயில் காய்ந்தபடி தைத்துக்கொண்டிருந்தார். துணியில் கோடு இல்லை, புள்ளி இல்லை. இழுத்துக் கட்டச் சட்டமும் இல்லை. முரட்டு வெள்ளைப் பருத்தியின் இழைகளை ஊசிமுனையால் எண்ணி, இத்தனை விட்டு இத்தனை எடுத்து, சிவப்பும் கறுப்புமாக நூல் ஓட்டினார். “மாதிரி எங்கே பாட்டி?” என்றேன். அவர் நிமிரவே இல்லை. “பேசாதே தம்பி, எண்ணிக்கை போயிடும்.”

கணக்கு வாத்தியாரிடம்கூட நான் அப்படி வாயடைத்து உட்கார்ந்ததில்லை. மெல்ல ஓர் எருமைக் கொம்பு முளைத்தது. பிறகு அவரே துணியைப் புரட்டிக் காட்டினார். நாம் உள்பக்கம் என்று மறைக்கிற பக்கத்தில்தான் நூல் மேடாக எழும்பி நின்றது. அதைத்தான் வெளியே தெரியப் போர்த்துவார்களாம்.

ஸ்பானியம் பேசும் மலைநாடுகளோடு நீலகிரிக்குப் பழைய உறவு உண்டு. 1860இல் கிளெமென்ட்ஸ் மார்க்கம் பெருவில் சேகரித்த சிங்கோனாக் கன்றுகள் பெரும்பாலும் பட்டுப்போயின; ஈக்வடாரிலிருந்து ரிச்சர்ட் ஸ்ப்ரூஸ் சேகரித்து அனுப்பிய இனம் நீலகிரியில் வேர்விட்டது. சிங்கோனாப் பட்டையிலிருந்து கொய்னா மருந்தெடுக்க நடுவட்டத்தில் ஆலையே வந்தது. உருளைக்கிழங்கும் ஆண்டிஸ் மலைக்காரர்களின் சொத்துதான். இங்கே வந்து ‘ஊட்டி உருளை’ என்று பெயரையே மாற்றிக்கொண்டது. சால்வையை மட்டும் யாரும் யாருக்கும் கொண்டுபோய்க் கொடுக்கவில்லை. அவரவர் குளிருக்கு அவரவரே கண்டுபிடித்தார்கள்.

2013இல் தோடர் பூத்தையலுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. சந்தோஷம். ஆனால் கடைகளில் அதைப் பர்ஸாகவும் கைபேசி உறையாகவும் பார்க்கும்போது எனக்கு எரிச்சல்தான் வருகிறது. ஆளையே மூடுகிற துணிக்கு அதுவா வேலை? பிழைப்புக்காகத் தைக்கிறவர்களைக் குறை சொல்ல மாட்டேன். போர்வை விலையைக் கேட்டதும் முகம் சுளித்து பர்ஸுக்கு இறங்குகிறவர்கள் நாம்தானே. ஊட்டிக்குப் போனால் வர்க்கியோடு நின்றுவிடாதீர்கள். கையில் காசிருந்தால் முழுப் போர்வையாக, தைத்தவரிடமே வாங்குங்கள். எத்தனை முறை வேண்டுமானாலும் புரட்டிப் பாருங்கள். பேரம் மட்டும் பேசாதீர்கள்.