கதிரவெளிக் கடலில் ஓர் இரவு

"என்னங்க இது! ஆத்தக் கண்டாலே கரையில நிக்கிற ஆள் நீங்க. இந்த வயசில ராவையில கடலுக்குப் போகப் போறீங்களா?"

என் மனைவி இப்படிக் கேட்டபோது என்னிடம் சரியான பதில் இருக்கவில்லை. நான் ஓட்டமாவடியில் பிறந்து வளர்ந்தவன். வாழைச்சேனை ஆறும் அதன் மேல் பாலமும் என் கண்முன்னே கிடந்தன. கடலும் தொலைவில் இல்லை. ஆனாலும் சந்தையில் ஐஸ் போட்ட பெட்டியில் கிடக்கிற மீனைத்தான் ஐம்பது வருடமாகப் பார்த்திருக்கிறேன். அது எங்கே வாழ்ந்தது, எந்த நேரத்தில், யாருடைய கையால் வெளியே வந்தது என்று ஒருநாளும் யோசித்ததில்லை.

சகோதரிகளே, நீங்களும் அப்படித்தான் இருப்பீர்கள் என்று நினைக்கிறேன். செதிள் சீவி, கழுவி, சட்டியில் போடும்வரை மீனோடு உங்களுக்குப் பழக்கம் உண்டு. அதற்கு முந்திய கதை கடலுக்குள் இருக்கிறது. அந்தக் கதையைப் பார்க்கத்தான் கடந்த வைகாசி மாதத்தில் கதிரவெளிக்குப் போனேன். அங்குள்ள நண்பர் தொலைபேசியில் அழைத்திருந்தார். "காக்கா, செம்பல்லி கொத்துற காலம். ஒருக்கா வந்து பாருங்க."

இந்த நண்பர் எனக்கு எப்படிக் கிடைத்தார் என்பதை முதலில் சொல்லிவிட வேண்டும்.

இரண்டு சேலையின் கடன்

என் வாப்பா பொட்டணி வியாபாரி. சேலை, சாரம், சிறுபிள்ளைகளின் சட்டை எல்லாவற்றையும் மூட்டையாகக் கட்டிக்கொண்டு மாங்கேணி, பனிச்சங்கேணி, வாகரை, கதிரவெளி என்று ஊர் ஊராகப் போவார். அந்த ஊர்களில் பெரும்பாலும் தமிழர்கள்; கரையோர வேடர் வழிவந்த குடும்பங்களும் உண்டு. பெண்கள் கடனுக்குத் துணி எடுப்பார்கள். கையில் காசு வந்தால் காசு தருவார்கள், இல்லாவிட்டால் கருவாடு. வாப்பா கணக்குக் கொப்பியில் எழுதுவாரே தவிர, யாரையும் நெருக்கிக் கேட்டதில்லை. தமிழரும் முஸ்லிம்களும் பிட்டும் தேங்காய்ப்பூவும் போல என்று கிழக்கில் சொல்வோமே, அதை நான் வாப்பாவின் கொப்பியில்தான் முதலில் பார்த்தேன்.

1990 ஜூனில் போர் மீண்டும் மூண்டது. அந்த ஆகஸ்டில் காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் தொழுகையில் நின்றவர்கள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். ஏறாவூரில் இரவோடு இரவாக வீடுகளுக்குள் புகுந்து பெண்களையும் பிள்ளைகளையும் கொன்றார்கள். செப்டெம்பரில் சத்துருக்கொண்டானிலும் பக்கத்துத் தமிழ்க் கிராமங்களிலும் குடும்பம் குடும்பமாக ஆட்கள் பலியானார்கள். வாப்பா பொட்டணியை அவிழ்த்து வைத்தவர், பிறகு அதைக் கட்டவே இல்லை. கணக்குக் கொப்பியும் எங்கோ தொலைந்து போயிற்று. போர் முடியும் முன்பே அவர் மௌத்தாகிவிட்டார்.

2010ஆம் ஆண்டில் ஒருநாள் காலை, முன்பின் அறியாத ஒருவர் எங்கள் வாசலில் வந்து நின்றார். கையில் ஒரு கருவாட்டுப் பார்சலும் மடித்த நோட்டுகளும்.

"பொட்டணிக் காக்காட வீடு இதானே? அம்மா எடுத்த ரெண்டு சேலைக்குக் காசு குடுக்க இரிக்கு. சாகிற வரைக்கும் சொல்லிக்கொண்டிருந்தா."

அவருடைய தாயார் 2007இல் அகதி முகாமில் காலமானவர். இருபது வருடப் போரும் சுனாமியும் இடம்பெயர்வும் அந்தப் பெண்ணின் மனத்திலிருந்து இரண்டு சேலையின் கடனை அழிக்கவில்லை. என் உம்மா திரைக்குப் பின்னால் நின்று எல்லாவற்றையும் கேட்டார். கடன் கொடுத்தவர் மௌத்தானாலும் கடன் கடன்தான் என்பதால் காசை வாங்கிக்கொண்டார். மறுநாள் அந்தக் காசோடு இன்னும் கொஞ்சம் போட்டு, அவருடைய மனைவிக்கு ஒரு சேலை வாங்கி அனுப்பினார். அன்றிலிருந்து அவர் என் நண்பர்.

கதிரவெளி வரை

திருகோணமலை வீதியில் மோட்டார் சைக்கிளில் புறப்பட்டேன். காயங்கேணியைத் தாண்டும்போது கடல் வலப்பக்கம் எட்டிப் பார்க்கிறது. அங்குள்ள பவளப்பாறைகளைக் காக்கவென்று 2019இல் அந்தக் கடற்பகுதி சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. பனிச்சங்கேணிப் பாலத்தில் சற்று நின்றேன். ஒரு பக்கம் கடல், மறுபக்கம் களப்பு. களப்பின் ஓரம் முழுவதும் கண்டல் மரங்கள் காலை நீருக்குள் ஊன்றி நிற்கின்றன. நாங்கள் அவற்றைக் கண்ணா என்போம்.

வாகரைக்கு அப்பால் கதிரவெளி. அதைத் தாண்டினால் வெருகல். மகாவலி கங்கையின் ஒரு கிளை அங்கேதான் கடலைச் சேர்கிறது. முன்பு அந்த ஆற்றைக் கடக்கப் 'பாதை'க்காகக் காத்துக் கிடக்க வேண்டும். போருக்குப் பிறகு பாலம் வந்துவிட்டது.

கதிரவெளி சின்ன ஊர்தான், ஆனால் மிகப் பழைய ஊர். பெருங்கற்காலத்து மக்கள் இறந்தவர்களுக்காக நிறுத்திய கற்கள் இங்கே உள்ளன. அண்மைக் காலத்துத் துயரங்களும் குறைவில்லை. 2004 டிசம்பர் 26இல் கடல் ஊருக்குள் வந்தது. 2006 நவம்பர் 8ஆம் திகதி, இடம்பெயர்ந்த மக்கள் தங்கியிருந்த பாடசாலையில் எறிகணைகள் விழுந்து நாற்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அதே ஆண்டு ஆகஸ்டில்தான், கொஞ்சம் வடக்கே மூதூரில், முஸ்லிம்கள் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு கந்தளாய்க்கு நடந்தார்கள். ஒரே வீதியின் இரண்டு ஊர்கள், மூன்று மாத இடைவெளியில்.

நண்பரின் வீட்டில் பிளேன்ரீ தந்தார்கள். அவர் மனைவி என்னிடம் ஒன்றுதான் கேட்டார். "காக்கா, உங்களுக்கு நீந்தத் தெரியுமா?" தெரியாது என்றேன். உள்ளே போய் ஓர் உயிர்காப்பு அங்கியை எடுத்து வந்து, அதன் பட்டிகளை இழுத்துப் பார்த்த பிறகே என் கையில் தந்தார்.

கல்லின் மேல் போட்

அஸர் தொழுதுவிட்டுப் புறப்பட்டோம். நண்பர், அவருடைய அக்காவின் மகன், நான். 25 குதிரைவலு எஞ்சின் பூட்டிய பைபர் போட். எஞ்சின் மண்ணெண்ணெயில் ஓடுகிறது. 2022 ஆகஸ்டில் ஒரு லீற்றர் மண்ணெண்ணெய் 87 ரூபாயிலிருந்து ஒரேயடியாக 340 ரூபாயானபோது, இந்தக் கரையில் பல போட்டுகள் மணலிலேயே கிடந்தனவாம். "அந்த நாளையில மீனை நினைச்சுக் கடலுக்குப் போகல்ல காக்கா, எண்ணெயை நினைச்சுத்தான் போனம்" என்றார் நண்பர்.

ஒரு மணி நேரம் ஓடியிருப்போம். கரை ஒரு கறுப்புக் கோடாக மாறியது. நண்பர் எஞ்சினைத் தணித்துவிட்டுக் கரையையே பார்த்தார். குறிப்பிட்ட ஒரு மரமும் அதன் பின்னால் ஒரு மேடும் நேர்கோட்டில் வர வேண்டும். இன்னொரு பக்கம் வேறு இரண்டு அடையாளங்கள் பொருந்த வேண்டும். இரண்டு கோடுகளும் வெட்டும் இடத்தில், இருபது பாகம் ஆழத்தில் கல் இருக்கிறது. மருமகனின் கையில் திசைகாட்டும் கருவி இருந்தது. அதுவும் அதே இடத்தைத்தான் காட்டியது. "அது பிழைச்சாலும் மரம் பிழைக்காது" என்று நண்பர் சிரித்தார்.

நங்கூரம் போட்டார்கள். பொழுது சாய்ந்தது. மஃரிபை இருந்தபடியே தொழுதேன். நான் முடிக்கும் வரை இருவரும் பேச்சைத் தாழ்த்திக்கொண்டு, தூண்டிலையும் தொடாமல் இருந்தார்கள்.

செம்பல்லி இரவில் இரை தேடுகிற மீன். பகலில் கல்லிடுக்கில் ஒதுங்கியிருந்து இருட்டில் வெளியே வரும். அதனால் நிலவில்லாத நாளைத்தான் நண்பர் தெரிந்தெடுத்திருந்தார். கணவாய்த் துண்டையும் கீரிமீனையும் இரையாகக் கோத்து, ஈயம் கட்டிய தங்கூசியை இறக்கினோம். நூல் விரலின் மேல் ஓட வேண்டும். அடியில் ஈயம் தட்டியதும் ஒரு முழம் தூக்கிப் பிடிக்க வேண்டும். பிறகு காத்திருப்பு.

அந்த இருட்டை எப்படிச் சொல்வது! போட்டின் பக்கத்தில் கையை நீரில் விட்டால் விரல்களைச் சுற்றிப் பச்சை ஒளி சிதறுகிறது. கண்ணுக்குத் தெரியாத சிற்றுயிர்கள் அசைவு பட்டதும் ஒளிர்கின்றன. மேலே நட்சத்திரம், கீழேயும் நட்சத்திரம். அல்லாஹ்வின் படைப்பை எண்ணி நாவு தானாகவே தஸ்பீஹ் செய்தது.

திடீரென்று என் விரலில் இரண்டு தட்டு. மூன்றாவது தட்டில் நூல் பறந்தது. "இழுங்க காக்கா! கல்லுக்குள்ள விட்டிராதீங்க!" செம்பல்லியின் வழக்கம் அது. கொத்தியதும் கல்லுக்குள் ஓடி நூலை அறுத்துவிடும். அதற்குள் தூக்கிவிட வேண்டும். என் கை நடுங்கியது. நண்பர் என் கைக்கு மேல் தன் கையை வைத்து இழுத்தார். செம்பின் நிறத்தில், முழங்கை நீளத்தில் ஒரு மீன் போட்டுக்குள் விழுந்து துள்ளியது. அதன் வயிறு உப்பியிருந்தது. ஆழத்திலிருந்து சட்டென்று மேலே வரும்போது உடலுக்குள் உள்ள காற்றுப்பை விரிவதால் அப்படி ஆகிறது.

கண்ணாக் காட்டுப் பிள்ளை

றெஜிபோம் பெட்டியில் ஐஸுக்குள் மீனை வைத்துக்கொண்டே நண்பர் சொன்னார். "இது இஞ்ச வளந்த மீன் இல்ல காக்கா. பின்னேரம் பாலத்தில நிண்டு பார்த்தீங்களே, அங்க வளந்தது."

அது உண்மை. ஆராய்ச்சியாளர்களும் அதையே சொல்கிறார்கள். செம்பல்லி முட்டையிடுவது கடலில். குஞ்சுகள் கழிமுகங்களுக்கும் களப்புகளுக்கும் வந்து கண்டல் வேர்களுக்குள் புகுந்துகொள்கின்றன. பெரிய மீன்கள் அந்த வேர்ப் பின்னலுக்குள் நுழைந்து வேட்டையாடுவது சுலபமில்லை. சில ஆண்டுகள் அங்கே வளர்ந்து, பிறகுதான் ஆழ்கடல் கற்களைத் தேடிப் போகின்றன. மூன்று அடி வரை கூட வளரும்.

கிழக்கில் தமிழரானாலும் முஸ்லிமானாலும் பெண்ணுக்கு வீடு கொடுத்து மாப்பிள்ளையைப் பெண் வீட்டுக்கு எடுக்கிறோம். தாய்வீடு என்பது பெண்ணுக்கு எவ்வளவு பெரிய அரண் என்பதை நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. செம்பல்லிக்குத் தாய்வீடு கண்டல் காடு. புத்தளம் பக்கத்தில் இறால் பண்ணைகளுக்காக அந்தக் காடுகள் எப்படி அழிக்கப்பட்டன என்பதை நாடே அறியும். 2015இல்தான் இலங்கை தன் கண்டல் காடுகள் முழுவதையும் காக்கும் திட்டமொன்றைத் தொடங்கியது. களப்போரத்தில் ஒரு மரத்தை விறகுக்கு வெட்டினால், இருபது பாகம் ஆழத்தில் ஒரு தூண்டில் வெறுமையாக வரும். நடுக்கடலில் உட்கார்ந்திருந்தபோதுதான் இது எனக்கு விளங்கியது.

மேற்கில் மின்னல்

நள்ளிரவுக்குப் பிறகு மீன் நன்றாகக் கொத்தத் தொடங்கியது. செம்பல்லியோடு விளைமீனும் கலவாயும் ஏறின. எனக்கும் கை பழகிவிட்டது. அப்போது மேற்கே, தரைப்பக்கம், ஒரு மின்னல் வெட்டியது. இடி கேட்கவில்லை. நண்பர் நூலைச் சுற்றத் தொடங்கினார்.

"மழை தூரத்திலதானே, இன்னும் அரை மணித்தியாலம் பார்ப்போமே" என்றேன். எண்ணெய்ச் செலவே இன்னும் தேறவில்லை என்று அவர்தான் சற்று முன் சொல்லியிருந்தார்.

"தரையில இருந்து காத்து எழும்பினா எங்களை வெளியில தள்ளும் காக்கா. எஞ்சின் நிண்டா கரையே இல்ல. மீன் எங்கயும் போகாது. நாளைக்கும் இரிக்கும்." நங்கூரக் கயிற்றை இழுத்துக்கொண்டே சொன்னார், "அவ முழிச்சிருப்பா. மின்னலை அவவும் கண்டிருப்பா."

பாதி வழியில் காற்று வந்தது. அலை முகத்தில் அறைந்தது. மருமகன் போட்டுக்குள் விழுந்த நீரை அள்ளி அள்ளி ஊற்றினான். நான் அங்கியின் பட்டியைப் பிடித்துக்கொண்டு, தெரிந்த துஆக்களையெல்லாம் ஓதினேன். கரை எந்தப் பக்கம் என்றே எனக்குத் தெரியவில்லை. அப்போது இருளுக்குள் ஒரு சின்ன வெளிச்சம் தோன்றியது, அணைந்தது, மறுபடி தோன்றியது. நண்பர் போட்டின் முகத்தை அதன் பக்கம் திருப்பினார்.

அவருடைய மனைவி மணலில் டோர்ச் லைட்டோடு நின்றார். சுனாமிக்குப் பிறகு, கணவர் கடலில் இருக்கும் எந்த இரவிலும் அவர் உறங்கியதில்லையாம். "கண்ண மூடினா அண்டைக்கு வந்த தண்ணிட சத்தம் கேக்கும் காக்கா" என்று மட்டும் சொன்னார். எத்தனை மீன் என்று பெட்டியைத் திறந்து பார்க்கவில்லை. முதலில் மூன்று தலைகளை எண்ணினார்.

ஸுப்ஹுத் தொழுது முடித்தபோது பிட்டும், கொறுக்காய் போட்டுத் தேங்காய்ப்பாலில் வைத்த செம்பல்லிக் கறியும் சூடாக இருந்தன. அன்றைய பிடி எண்ணெய்ச் செலவைக் கட்டி, கொஞ்சம் மிஞ்சும் என்றார் நண்பர். அதிலும் ஒரு பெரிய செம்பல்லியை ஐஸ் போட்டு எனக்கென்று கட்டி வைத்தார். காசு கொடுக்கப் போனபோது கையைத் தள்ளிவிட்டார். "அந்தச் சேலைக்கு உம்மா கூடப் போட்டது இரிக்கே. அந்தக் கணக்கில வைங்க."

பிறகுதான் கைத்தொலைபேசியை எடுத்தேன். கடலில் தொடர்பு இருக்கவில்லை. கரைக்கு வந்ததும் தவறிய அழைப்புகள் வரிசையாக விழுந்திருந்தன. ஆறும் என் மனைவியுடையவை. கடைசி அழைப்பு தஹஜ்ஜுத் நேரத்தில்.

அழைத்தேன். முதல் மணியிலேயே எடுத்தார்.

"வந்திட்டீங்களா?"

"வந்திட்டேன்."

"அல்ஹம்துலில்லாஹ்."

மீன் கிடைத்ததா என்று அவரும் கேட்கவில்லை.

சகோதரிகளே, அடுத்த முறை மீன் வாங்கும்போது கண் தெளிவாக இருக்கிறதா, பூ சிவப்பாக இருக்கிறதா என்று பாருங்கள், பார்க்கத்தான் வேண்டும். அதோடு, அதைப் பிடித்தவருக்காகக் கரையில் விழித்திருந்த ஒரு பெண்ணுக்கும், அவள் எந்த ஊராக, எந்த மதமாக இருந்தாலும், ஒரு துஆ செய்துவிட்டுச் சட்டியை அடுப்பில் வையுங்கள்.