அடைத்த ஓட்டை மறுபடி திறந்த கதை

மன்னவனூர் பக்கம் கேரட்டும் பூண்டும் போடும் விவசாயியைக் கேட்டால் வேலியைப் பற்றி ஒரு விஷயம் சொல்வார். காட்டுமாடு புகுந்த இடத்தை மட்டும் அடைத்தால் போதாது. அதே வேலியில் இன்னொரு பலவீனமான இடம் இருந்தால் அடுத்த முறை அது வழியாக வரும். இணையத்தின் வேலியிலும் அப்படி ஒன்று நடந்தது. அதன் தொடக்கத்தில் நம் இந்தியாவும் இருக்கிறது!

பி.எச்.பி. என்பது சர்வரில் இயங்கி, நாம் கேட்கும் இணையப் பக்கத்தைத் தயாரித்துக் கொடுக்கும் மென்பொருள். ராஸ்மஸ் லெர்டார்ஃப் 1995-ல் இதை வெளியிட்டார். விக்கிபீடியா, வேர்ட்பிரஸ் எல்லாம் இதில் எழுதப்பட்டவைதான்.

கோவாவில் 2010-ல் தொடங்கிய கணினிப் பாதுகாப்பு மாநாடு நல்கான். அதையொட்டி 2012 ஜனவரியில் நடந்த ஹேக்கிம் போட்டியில் நெதர்லாந்தைச் சேர்ந்த ஐண்ட்பாசன் என்ற அணி கலந்துகொண்டது. போட்டிப் புதிரை விடுவிக்கும்போது, புதிரில் இல்லாத ஒரு ஓட்டை அவர்கள் கையில் சிக்கியது. அது பி.எச்.பி.யிலேயே இருந்த ஓட்டை!

விஷயம் இதுதான். பி.எச்.பி.யை 'சி.ஜி.ஐ.' என்ற முறையில் இயக்கும் சர்வர்களில், இணைய முகவரியின் கடைசியில் கேள்விக்குறி, சிறு கோடு, 'எஸ்' என்ற எழுத்து மூன்றையும் சேர்த்தால் போதும். பக்கத்துக்குப் பதில் அதன் மூல நிரலே திரையில் வந்துவிடும். வேறு எழுத்துகளைப் போட்டால் அந்தச் சர்வரில் தங்கள் நிரலையே ஓட்டலாம். இதைத் தடுக்கும் ஒரு சரிபார்ப்பு முன்பு இருந்தது. தேவையில்லை என்று நினைத்து 2004-ல் அதை எடுத்துவிட்டார்கள். எட்டு வருடம் யாரும் கவனிக்கவில்லை.

அந்த அணி ரகசியமாகத் தகவல் கொடுத்தது. தீர்வு தயாராவதற்குள், மே மாதம் விவரம் தவறுதலாக வெளியே வந்துவிட்டது. அவசரமாக மே 3-ல் 5.3.12, 5.4.2 பதிப்புகள் வந்தன. அந்த ஒட்டையும் தாண்டலாம் என்று தெரிந்தது. மே 8-ல் மறுபடி 5.3.13, 5.4.3 வந்தன. அத்தோடு கதை முடிந்தது என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள்.

முடியவில்லை... பன்னிரண்டு வருடம் கழித்து, 2024-ல், தைவானின் டெவ்கோர் நிறுவனத்தைச் சேர்ந்த ஆரஞ்ச் சாய் அதே இடத்தில் நுழைந்து காட்டினார். சிறு கோட்டைத்தான் வாசலில் தடுக்கிறார்கள். ஆனால் கோடு போலவே தோன்றும் வேறொரு குறியைக் கொடுத்தால்? சீன, ஜப்பானிய மொழி அமைப்புள்ள விண்டோஸ் 'கிட்டத்தட்ட இதுதானே' என்று அதைச் சிறு கோடாக மாற்றிவிடுகிறது! காவல்காரர் பார்த்தது ஒரு முகம், உள்ளே போனது இன்னொரு முகம். ஜூன் 6-ல் தீர்வு வந்தது. சில நாட்களுக்குள்ளேயே, கோப்புகளைப் பூட்டிப் பணம் பறிக்கும் கும்பல் ஒன்று இந்த ஓட்டையைப் பயன்படுத்த ஆரம்பித்துவிட்டது.

இதில் கவனிக்க வேண்டியது, தீர்வு 8.1, 8.2, 8.3 பதிப்புகளுக்கு மட்டுமே வந்தது. 8.0, 7, 5 ஆகியவை ஆதரவு முடிந்தவை. அவற்றுக்கு ஒட்டு கிடையாது.

வணிகவியலில் தேய்மானம் என்று ஒன்று உண்டு. வாங்கிய இயந்திரத்தின் மதிப்பு வருடா வருடம் குறைவதைக் கணக்கில் எழுதியே ஆக வேண்டும். இணையதளத்துக்கு மட்டும் யாரும் அப்படி யோசிப்பதில்லை. மலையில் சிறிய தங்கும் விடுதி நடத்துபவர் ஒருமுறை பணம் கொடுத்துத் தளம் போட்டுவிட்டு, "வேலை செய்கிறதே" என்று விட்டுவிடுகிறார். அதில் இருப்பது அவருடைய சொத்து மட்டுமல்ல, அறை பதிவு செய்தவர்களின் பெயரும் தொலைபேசி எண்ணும்கூட.

ஓட்டையைக் கண்டுபிடிப்பவர் சம்பளமில்லாமல்கூடக் கண்டுபிடிக்கிறார். ஒட்டுப் போடுபவர்கள் இலவசமாகவே தருகிறார்கள். அதை எடுத்துப் போட்டுக்கொள்வது மட்டும்தான் நம் வேலை. உங்களிடம் ஒரு தளம் இருந்தால், அது எந்தப் பதிப்பில் ஓடுகிறது என்று இன்றே கேட்டுவிடுங்கள்.