டைரியில் இல்லாதவை

கல்லூரியில் படிக்கும்போது தொடங்கிய டைரிப் பழக்கம், ஓய்வு பெற்ற பிறகும் என்னை விடவில்லை. அதில் பொய்யாக ஒரு வரிகூட எழுதியதில்லை. இருந்தும் அது பொய் டைரிதான். எனக்குத் தலைகுனிவு தரும் எதையும் நான் அதில் சேர்க்கவே இல்லை.

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் கொட்டிய மழைதான் இதைக் காட்டிக்கொடுத்தது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. பெய்த மழை அது. இங்கே திருநெல்வேலியில் தாமிரபரணி தெருவுக்குள் வந்து, எங்கள் வீட்டுக்குள்ளும் புகுந்தது. நனைந்த டைரிகளை மின்விசிறிக்கு அடியில் விரித்துக் காயவைத்தபோது வரிசையாகப் படித்தேன். எழுதியவன் மேல் இருந்த மரியாதை போய்விட்டது.

கெட்டுப்போனது எங்கே என்று தெரிகிறது. 1992 நவம்பர் வெள்ளத்தில் குறுக்குத்துறை முருகன் கோயில் முங்கியதைப் பக்கம் பக்கமாக எழுதியிருந்தேன். டீக்கடையில் நண்பர்களுக்கு வாசித்துக் காட்டினேன். "அப்படியே வண்ணதாசனைப் படிச்ச மாதிரி இருக்குவே" என்றார் ஒருவர். அந்தப் பாராட்டோடு நான் தொலைந்தேன். அதற்கப்புறம் எழுதியதெல்லாம் வாசித்துக் காட்டுவதற்காகவே எழுதியது. மருதமரம், படித்துறை, சாரல், நெல்லையப்பர் கோயில் மணி என்று எல்லாம் வருகிறது. நான் மட்டும் வரவில்லை.

1999 ஜூலை 23, வெள்ளிக்கிழமை. மாஞ்சோலைத் தோட்டத் தொழிலாளர்களுக்காகக் கலெக்டர் அலுவலகம் நோக்கிப் பெரிய ஊர்வலம் வந்தது. போலீஸ் தடியடியில் சிதறி ஆற்றில் இறங்கியவர்களில் 17 பேர் செத்தார்கள். அதில் ஒன்று கைக்குழந்தை. அன்று நான் ஆற்றுக்குப் பக்கத்தில்தான் வேலையில் இருந்தேன். சத்தம் கேட்டது. ஜன்னலைச் சாத்தியவர்களில் நானும் ஒருவன். அன்றைய பக்கத்தில் இருப்பது இவ்வளவுதான்: "சாரல் காற்று டவுன் வரைக்கும் வந்துவிட்டது. மனசுக்கு இதமாக இருந்தது." மறுநாள் பக்கத்திலும் அந்த 17 பேர் இல்லை. அரசு ஊழியன், டைரி யார் கையிலாவது சிக்கினால் வம்பு என்று நெடுநாள் எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். அப்படிப் பயந்தவன் ஒன்றும் எழுதாமல் விட்டிருக்கலாமே. சாரலைப் பற்றி எழுத ஏன் கை வந்தது?

மணல் விஷயம் இதைவிடக் கேவலம். ஆறு வற்றுகிறது, மணல் போகிறது என்று வருஷா வருஷம் புலம்பியிருக்கிறேன். கம்யூனிஸ்ட் தலைவர் நல்லகண்ணு ஐயா எண்பதைத் தாண்டிய வயதில் தாமே வழக்காடி, 2010 இறுதியில் உயர் நீதிமன்ற மதுரைக் கிளையில் தாமிரபரணி மணல் அள்ள ஐந்தாண்டுத் தடை வாங்கியதும், அந்தச் செய்தியைக் கத்தரித்து டைரியில் ஒட்டினேன். ஆனால் அதற்குச் சில வருஷம் முன்னால் எங்கள் மாடியைக் கட்டியது எந்த மணலில்? ராத்திரியோடு ராத்திரியாக வந்து இறங்கிய லோடுகளில். ரசீது கிடையாது. எங்கிருந்து வருகிறது என்று நான் கேட்கவும் இல்லை, விலை மலிவாக இருந்தது. டைரியில் உள்ளது: "மாடி வேலை ஆரம்பம்."

அம்மாவைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். கடைசிக் காலத்தில் அம்மா அம்பாசமுத்திரத்தில் அண்ணன் வீட்டில் படுக்கையாகக் கிடந்தாள். பார்த்துக்கொண்டதெல்லாம் மதினிதான். நான் அல்வாப் பொட்டலத்தோடு போய், சாயங்கால பஸ்ஸில் திரும்பிவிடுவேன். அம்மா வைக்கும் சொதியைப் பற்றி அந்த மாதங்களில் நான் எழுதியதைக் கேட்டு நண்பர்கள் கண் கலங்கினார்கள். மதினி ஒருநாள் கேட்டாள்: "அத்தையப் பத்தி நல்லா எழுதுதீங்களாமே தம்பி, ரெண்டு நாள் வந்து கூட இருந்தா என்ன?" இந்த ஒரு கேள்வி டைரியில் எங்குமே இல்லை.

1736 முதல் 1761 வரை புதுச்சேரியில் நாட்குறிப்பு எழுதிய ஆனந்தரங்கப் பிள்ளையும் தற்பெருமைக்காரர்தான். பிரெஞ்சுக் கவர்னரின் துபாஷ், மறைக்க எவ்வளவோ இருந்தவர். ஆனாலும் காசு, லஞ்சம், பொறாமை, வீட்டுச் சங்கதி என்று எல்லாவற்றையும் எழுதினார். 1748-இல் வேதபுரீசுவரர் கோயில் இடிக்கப்பட்டபோது தம் துரையைத் தடுக்க முடியாமல் நின்றதும் அவர் குறிப்பில் இருக்கிறது. அதனால்தான் இன்றைக்கும் அது சரித்திரத்துக்குச் சாட்சியாக நிற்கிறது. என்னுடையது எதற்கும் சாட்சி ஆகாது.

பழைய பக்கங்களைக் கிழிக்கவில்லை. 1999 ஜூலை 23-க்குக் கீழே, இன்றைய தேதி போட்டு, ஜன்னலைச் சாத்தியதை எழுதியிருக்கிறேன். மணல் லோடையும் மதினியின் கேள்வியையும் அதனதன் வருஷத்தில் சேர்த்தாயிற்று. இதனால் பாவம் கழிந்துவிடும் என்று நான் நம்பவில்லை, கணக்காவது நேராகட்டும்.

டைரி எழுதுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. அன்றைக்கு எதை எழுதக் கை கூசுகிறதோ, அதை முதலில் எழுதிவிடுங்கள். சாரலைப் பற்றி அப்புறம் எழுதிக்கொள்ளலாம்.